ஒரு ராணியின் நாள் எப்படிப் போனது? வெர்சாய் அரண்மனையிலிருந்து தொடங்கலாம்

பழைய ஏடு:

போர், முடிசூட்டு, வாரிசுத் தகராறு என்று ராணிகளைப் பற்றி இங்கே நிறையப் பேசியிருக்கிறோம். ஒரு ராணி காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாள், யார் தலைவாரிவிட்டார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்ன செய்தாள் என்பதற்கு ஒரு இழைகூடக் கிடையாது. அதனால் தொடங்குகிறேன். ஊகத்துக்கு இடம் வேண்டாம் என்று, தன் நாளைத் தன் கையாலேயே எழுதிய ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டேன்.

1770 ஜூலை 12. பிரான்ஸின் வெர்சாயிலிருந்து மரி அந்துவானெத், வியன்னாவில் இருக்கும் தன் அம்மா மரியா தெரேசாவுக்குக் கடிதம் எழுதுகிறாள். வயது 14. கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இன்னும் ராணி ஆகவில்லை. பட்டத்து இளவரசனின் மனைவி. தன் நாள் எப்படிப் போகிறது என்று மணிவாரியாக எழுதுகிறாள்.

ஒன்பதரை, பத்து மணிக்கு எழுந்து உடுத்திக்கொண்டு ஜெபம். காலைச் சாப்பாடு. அப்புறம் அத்தைமார் அறைக்குப் போகிறாள். மாமனாரின் கூடப்பிறந்தவர்கள் அவர்கள், கல்யாணம் ஆகாதவர்கள். வழக்கமாக ராஜா பதினைந்தாம் லூயியும் அங்கே இருப்பார். பதினொரு மணிக்குத் தலை அலங்காரம். அது முடிந்ததும் அறையைத் திறந்துவிடுவார்கள்; சாதாரண ஜனங்கள் தவிர யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். அத்தனை பேர் முன்னாலும் கன்னத்துக்குச் சிவப்புச் சாயம் பூசி, கை கழுவுகிறாள். பிறகு ஆண்கள் வெளியே போய்விடுவார்கள். பெண்கள் இருப்பார்கள். அவர்கள் முன்னால் உடை மாற்றுகிறாள்.

பன்னிரண்டு மணிக்குப் பூசை. அடுத்து கணவனும் மனைவியும் எல்லாரும் பார்க்கச் சாப்பிடுகிறார்கள். ஒன்றரைக்குள் முடிந்துவிடுமாம், "நாங்கள் இரண்டு பேரும் வேகமாகச் சாப்பிடுகிறவர்கள்" என்கிறாள். பிறகு படிப்பு, எழுத்து, கைவேலை. ராஜாவுக்கு ஒரு மேல்சட்டை செய்துகொண்டிருக்கிறாளாம், வேலை நகரவே இல்லையாம், கடவுள் அருளால் இன்னும் சில வருஷத்தில் முடிந்துவிடும் என்று நம்புகிறாளாம். மூன்று மணிக்கு மறுபடி அத்தைமார். நான்குக்குப் பாடம் சொல்லித்தரும் பாதிரியார். ஐந்துக்கு இசை வகுப்பு. ஏழிலிருந்து ஒன்பது வரை சீட்டாட்டம். ஒன்பதுக்கு இராச் சாப்பாடு. ராஜா வருவதற்குப் பதினொன்று அடிக்கக் கால் மணி இருக்கும். அதுவரை பெரிய சோபாவில் படுத்துத் தூங்கிவிடுகிறாள்.

இந்தக் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருந்த நேரம் எங்கே என்று தேடினால், அந்த மேல்சட்டை ஒன்றுதான் கண்ணில் படுகிறது.

மூன்றாம் பெஞ்ச்:

ஏடு அக்கா, ஒரு சந்தேகம். அடுத்தவர் முன்னால் உடை மாற்றுவது என்றால் நிஜமாகவே கூட்டம் நிற்குமா, அல்லது இரண்டு தோழிகள் உதவிக்கு நிற்பதைத்தான் அப்படிச் சொல்கிறாளா?

பழைய ஏடு:

நிஜமாகவே கூட்டம்தான் தம்பி. அதிலும் யார் எந்தத் துணியை எடுத்துக்கொடுப்பது என்பது பிறப்பையும் பதவியையும் பொறுத்த உரிமை. இதை மதாம் கம்பான் எழுதியிருக்கிறார். ராணியின் அந்தரங்கப் பணிப்பெண்களில் ஒருவர்; அவருடைய நினைவுக் குறிப்புகள் 1822இல் அச்சாயின.

அவள் கணவன் பதினாறாம் லூயி ராஜாவாகி, அவள் ராணியான பிறகு ஒரு குளிர்காலக் காலை. ராணி இரவு உடையைக் கழற்றிவிட்டு வெற்றுடம்போடு நிற்கிறாள். கம்பான் கையில் விரித்த உள்ளாடை, அதாவது ஷெமீஸ். தலைமைச் சீமாட்டி உள்ளே வருகிறார், கையுறையைக் கழற்றி அதை வாங்கிக்கொள்கிறார். கதவைப் பிறாண்டும் சத்தம். (அந்த அரண்மனையில் கதவைத் தட்டக் கூடாது, விரலால் பிறாண்ட வேண்டும்.) ஓர்லியான் சீமாட்டி வருகிறார். அவர் அந்தஸ்தில் மேல். அவரும் கையுறையைக் கழற்றுகிறார். தலைமைச் சீமாட்டி ஷெமீஸை நேராக அவரிடம் கொடுக்கக் கூடாது. கம்பானிடம் திருப்பிக் கொடுத்து, கம்பான் வழியாகத்தான் அவருக்குப் போக வேண்டும். போகிறது. மறுபடி கதவில் சத்தம். ராஜாவின் தம்பி மனைவி வருகிறார். அவர் அதைவிட மேல். இத்தனை நேரமும் ராணி மார்பின் குறுக்கே கைகட்டி, குளிரில் நிற்கிறாள். அதைப் பார்த்த ஓரகத்தி கைக்குட்டையைக் கீழே போட்டுவிட்டு, கையுறையைக்கூடக் கழற்றாமல் ஷெமீஸை மாட்டிவிடுகிறார். தலை அலங்காரம் கலைகிறது. "என்ன கொடுமை இது, என்ன தொந்தரவு" என்று பல்லுக்குள் சொன்ன ராணி, பிறகு எரிச்சலை மறைக்கச் சிரித்துவிட்டாளாம்.

கம்பான் பல வருஷம் கழித்து, ராணி மேல் இருந்த பாசத்தோடு எழுதியவர் என்பதை நினைவில் வைத்தே அவரைப் படிக்க வேண்டும். ஆனால் இந்தக் காட்சியில் யாரையும் உயர்த்தவோ தாழ்த்தவோ அவர் முயலவில்லை. அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் உரிமையைச் சரியாகச் செய்கிறார்கள்.

தையலகம்:

நான் தையல் கடை வைத்திருப்பவள், அந்தக் கண்ணோடு கொஞ்சம் சொல்கிறேன்.

நம் ஊரில் பெண்பிள்ளைகளுக்குத் தைக்கிறோமே சிம்மீஸ், அது இந்த ஷெமீஸ் என்ற சொல்லின் வழிவந்ததுதான். அவர்களுடையது மெல்லிய லினன் துணியில் முழங்கால் வரை தொளதொளவென்று இருக்கும். உடம்பில் படுகிற துணி இது ஒன்றுதான். மேலே போடும் பட்டு அங்கிகளைத் துவைக்க முடியாது. வியர்வையை வாங்கிக்கொள்வதும், அடிக்கடி மாற்றி வெளுப்பதும் இதைத்தான்.

அந்தப் பெரிய அங்கிகளுக்கு நம் ரவிக்கை மாதிரி முன்பக்கம் கொக்கி வரிசை கிடையாது. நெஞ்சை மூடும் முக்கோணத் துண்டை இரண்டு பக்கமும் குண்டூசி குத்தித்தான் நிறுத்துவார்கள். தினமும் புதிதாகக் குத்தி, தினமும் எடுக்க வேண்டும். கட்டுச்சட்டையின் பின் நாடாவையும் தானே இழுத்துக்கொள்ள முடியாது. உடுத்தும்போது நான் ஊகித்தவரை மூன்று, நான்கு கைகள் வேண்டும். ஆகவே ஆள் நிற்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. எந்தக் கை எதைத் தொடலாம் என்று சட்டம் போட்டதுதான் பாரம்.

இன்னொரு சங்கதி. காலையில் துணி மாதிரிகள் ஒட்டிய ஒரு புத்தகம் ராணியிடம் வரும். அன்றைக்கு என்ன உடுத்துவது என்று அந்தந்தத் துண்டின் மேல் ஒரு குண்டூசி குத்திவிடுவாள். 1782ஆம் ஆண்டுப் புத்தகம் பாரீஸ் ஆவணக் காப்பகத்தில் இன்னும் பத்திரமாக இருக்கிறது. சுண்டுவிரல் நீளத் துண்டுகளைப் பார்த்துத் துணி எடுப்பது எனக்கு அன்றாட வேலை. அந்தக் குண்டூசியை நினைத்தால் அந்தப் பெண் எனக்குக் கிட்டத்தில் வந்துவிடுகிறாள்.

மூன்றாம் பெஞ்ச்:

குளியல்? வெர்சாயில் யாருமே குளிக்க மாட்டார்கள் என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்களே.

பழைய ஏடு:

இந்த ராணி குளித்தாள். தொட்டியைச் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு அறைக்கே வருவார்கள். கழுத்திலிருந்து கீழ் வரை பொத்தான் வைத்த நீளமான ஃபிளானல் அங்கியோடுதான் தண்ணீரில் இறங்குவாள். வெளியே வரும்போது பணிப்பெண்கள் பார்க்காதபடி ஒரு துணியை உயர்த்திப் பிடிக்கச் சொல்வாள். சில நாள் தொட்டி மூடியின் மேல் தட்டை வைத்து அங்கேயே காலைச் சாப்பாடு, காப்பியோ சாக்லேட்டோ. மது தொட மாட்டாள், தண்ணீர்தான். சின்ன வயதில் வியன்னாவில் தின்று பழகிய ஒருவகை ரொட்டி கடைசிவரை பிடித்திருந்தது.

குளிக்கும்போது இவ்வளவு மூடிக்கொண்டவள், உடை மாற்றும்போது ஊர் முன்னால் நின்றாள். முன்னது அவள் விருப்பம், பின்னது அரண்மனை வழக்கம்.

இரவுப்பணி:

பிரசவ வார்டில் 19 வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். இந்த இழையில் பிரசவத்தைச் சொல்லாமல் விடக் கூடாது.

1778 டிசம்பர் 19, முதல் குழந்தை. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து. நள்ளிரவு தாண்டி வலி எடுத்து, பகல் பதினொன்றரை வாக்கில் பிறந்தது. அந்த நாட்டு வழக்கப்படி ராணியின் பிரசவம் பொதுக் காட்சி. பிறந்தது ராஜாவின் பிள்ளைதான், யாரும் மாற்றி வைக்கவில்லை என்பதற்குச் சாட்சி வேண்டுமாம். "ராணிக்குப் பிரசவமாகப் போகிறது" என்று மருத்துவர் உரக்கச் சொன்னதும் ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். படுக்கையைச் சுற்றியிருந்த பெரிய திரைத்தட்டிகளை ராஜா முந்தின இரவே கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தாராம். கட்டாமல் இருந்தால் அவை ராணி மேலேயே சாய்ந்திருக்கும். நன்றாகத் தெரிய வேண்டும் என்று இரண்டு ஆட்கள் மேஜை நாற்காலி மேலெல்லாம் ஏறி நின்றார்கள். குளிருக்காக ஜன்னல் இடுக்குகளை எல்லாம் அடைத்திருந்தார்கள். காற்றில்லை. குழந்தை பிறந்ததும் தாய்க்கு நினைவு போய்விட்டது.

ராஜாவே போய் ஜன்னலைத் திறந்தார். காலில் ரத்தம் எடுத்தார்கள், அந்தக் கால வைத்தியம் அது. பிறகுதான் கண் திறந்தாள். அதற்கப்புறம் அந்தப் பொதுக் கூட்டத்தை நிறுத்திவிட்டார்கள். குடும்பத்தாரும் அமைச்சர்களும் இருந்தால் போதும் என்று ஆனது.

பிறந்தது பெண். எல்லாரும் ஆண் வாரிசை எதிர்பார்த்தார்கள். குழந்தையை அணைத்துக்கொண்டு ராணி சொன்னதாகக் கம்பான் எழுதியிருப்பது: பாவம் குழந்தை, உன்னை யாரும் கேட்கவில்லை, அதற்காக நீ எனக்குக் குறைந்தவள் இல்லை, மகன் என்றால் நாட்டுக்குச் சொந்தமாகியிருப்பான், நீ எனக்கே சொந்தம்.

பெண் குழந்தை என்று சொன்னதும் முகம் திருப்பிக்கொள்ளும் சொந்தக்காரர்களை வார்டில் இன்றும் பார்க்கிறேன். அந்த வரியைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நெல்லைச்சீமை:

எல்லாம் சரி. உங்கள் மனம் புரிகிறது. ஆனால் அதே நாட்டில் அதே வருஷங்களில் மற்றப் பெண்களின் நாள் எப்படிப் போனது என்பதையும் பக்கத்தில் வைக்க வேண்டாமா?

ராணியின் உடைக்கு வருஷத்துக்கு ஒதுக்கியது 1,20,000 லீவர் (அந்தக் காலப் பிரெஞ்சுப் பணம்). 1785இல் செலவானது 2,58,000. ஒரு லீவருக்கு 20 சூ. பாரீஸில் கூலி வேலை செய்பவனுக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 30 சூ கிடைக்கும். 1789 ஜூலையில் நான்கு பவுண்டு ரொட்டி பதினாலரை சூ. நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு ரொட்டி போதாது. ராணி துணிப் புத்தகத்தில் குண்டூசி குத்திக்கொண்டிருந்த அதே காலையில் ஒரு தாய் ரொட்டிக் கடை வரிசையில் நின்றிருப்பாள். அக்டோபர் 5ஆம் தேதி பாரீஸிலிருந்து மழையில் வெர்சாய்க்கு நடந்துபோனது அந்தப் பெண்கள்தான். அவர்கள் ஒரு நாளைப் பற்றி யாரும் மணிவாரியாகக் கடிதம் எழுதி வைக்கவில்லை. இது எனக்கு உறுத்துகிறது.

பழைய ஏடு:

நெல்லை அண்ணாச்சி, உறுத்த வேண்டியதுதான். அந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. அந்தப் பெண்களுக்குத் தனி இழை தொடங்குங்கள், முதல் ஆளாக வருகிறேன்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இந்தச் செலவில் பெரும்பகுதி அந்தச் சடங்குகளுக்குள்ளேயே கட்டுப்பட்டிருந்தது. பருவத்துக்கு இத்தனை அங்கி என்று கணக்கு. பருவம் முடிந்ததும் பழையது உடைப்பொறுப்பாளர்களுக்குப் போய்விடும். எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்திகூடப் பணியாளருக்கு உரிமை, விற்றுக் காசாக்குவார்கள். ராணி ஒரு வழக்கத்தை நிறுத்தினால் யாரோ ஒரு குடும்பத்தின் வரும்படி போகும். அவர்கள் எதிரிகள் ஆவார்கள். அதற்காக அவள் சூதாடித் தோற்றதும் வைரம் வாங்கியதும் நியாயம் ஆகிவிடாது. இரண்டும் உண்மை.

இது ஒரு ராணியோடு வந்ததும் இல்லை. பதினைந்தாம் லூயியின் மனைவி மரி லெஷ்சின்ஸ்கா 1727க்கும் 1737க்கும் நடுவில் பத்துக் குழந்தை பெற்றவர். அவர் சாப்பிடுவதை இத்தாலியப் பயணி கஸனோவா ஃபோந்தேன்புளோ அரண்மனையில் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். ராணி தனியாக மேஜையில் உட்கார்ந்திருக்கிறார், சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் வாய் திறக்காமல் நிற்கிறார்கள். நடுவில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவர் குனிந்து நிற்க, "கோழிக் குழம்புக்கு மேல் ஒன்று கிடையாது என்று நினைக்கிறேன்" என்கிறார். "எனக்கும் அதே எண்ணம்தான், அம்மணி." அவ்வளவுதான். அவர் பின்னாலேயே நடந்து தன் இடத்துக்குப் போய்விடுகிறார். மீதிச் சாப்பாடு மௌனமாக முடிகிறது.

அந்த ராணியின் கடைசி நான்கு பெண்களை 1738இல் தூரத்து மடத்துக்கு வளர்க்க அனுப்பிவிட்டார்கள். கடைக்குட்டிக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை. ஒரு பெண் அங்கேயே இறந்துபோனாள். மற்றவர்கள் திரும்பி வரும்போது வளர்ந்த குமரிகள். மரி அந்துவானெத் தினமும் மூன்று மணிக்குப் போய்ப் பார்த்த அத்தைமாரில் இருவர் அப்படித் திரும்பி வந்தவர்கள்.

புதுவைக் கடற்கரை:

நான் ஒரு சின்ன விஷயம் சேர்க்கட்டுமா? ராணி தனியாக இருக்க ஒரு இடம் தேடிக்கொண்டாள். 1774இல் ராஜா கொடுத்த சின்ன மாளிகை, பெத்தி திரியானோன். அங்கே அவள் அறைக்குள் வந்தால் பெண்கள் எழுந்து நிற்க வேண்டாம், கையில் இருக்கும் பின்னலைத் தொடரலாம். ஆண்கள் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தை நிறுத்த வேண்டாம். ஒரு அறையில் தரைக்குக் கீழிருந்து கண்ணாடிப் பலகைகள் மேலே வந்து ஜன்னலை மூடும்படி பொறி வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து ஒருவர் கண்ணும் உள்ளே படாது. ஜன்னல் முன்னால் கண்ணாடியை எழுப்பி உட்காரும் அளவுக்குப் போயிருக்கிறாள் என்றால் பாருங்கள்.

அங்கே பட்டை விட்டுவிட்டு மெல்லிய மஸ்லின் அங்கி உடுத்தினாள். அந்த உடையில் விஷே லெப்ரன் வரைந்த ஓவியத்தை 1783இல் பாரீஸ் கண்காட்சியில் வைத்தபோது, ராணி உள்ளாடையோடு நிற்கிறாள் என்று ஊரே கொதித்தது. படத்தை இறக்கிவிட்டு, பட்டு அங்கியில் வேறு படம் வரைந்து வைத்தார்கள். ஊர் முன்னால் உள்ளாடை மாற்றச் சொன்னதும், உள்ளாடை போல இருக்கிறது என்று திட்டியதும் ஒரே நாடு.

எங்கள் ஊருக்கும் இதில் ஒரு நூல் உண்டு. திப்பு சுல்தானின் மூன்று தூதர்கள் 1787இல் புதுச்சேரியில் கப்பலேறி, மறு வருஷம் ஜூனில் துலோன் துறைமுகத்தில் இறங்கினார்கள். ஆகஸ்ட் 10ஆம் தேதி வெர்சாயில் ராஜாவைப் பார்த்தார்கள். அவர்களில் தர்வேஷ் கானை வரைந்ததும் அதே விஷே லெப்ரன்தான்.

மூன்றாம் பெஞ்ச்:

கடைசி வருஷத்தில் அவளுடைய நாள் எப்படி இருந்தது? தலை போன கதைதான் எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்தைய நாட்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

பழைய ஏடு:

பிரெஞ்சுப் புரட்சியில் பிடிபட்ட பிறகு இரண்டு சிறை. 1792 ஆகஸ்ட் 13 முதல் தாம்ப்ல் கோபுரத்தில் குடும்பத்தோடு. ராஜா மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பார், ராணி மகளுக்கு. பகலில் தையல், பின்னல். வெர்சாயில் கிடைக்காத ஒரு சாதாரண வீட்டு நாள் அங்கேதான் கிடைத்தது, காவலாட்களின் கண் முன்னால். 1793 ஜனவரியில் ராஜாவைக் கொன்றார்கள். ஜூலை 3ஆம் தேதி எட்டு வயது மகனைப் பிரித்துக்கொண்டு போனார்கள். ஆகஸ்ட் 2 அதிகாலை அவளை மட்டும் கொன்சியெர்ஜரி சிறைக்கு மாற்றினார்கள்.

மகனுக்காகப் பின்னிக்கொண்டிருந்த காலுறையை அனுப்பும்படி அங்கிருந்து கேட்டாள். தாம்ப்லில் இருந்த மகளும் நாத்தனாரும் தங்களிடம் இருந்த பட்டு நூல், கம்பளி நூல் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். ஊசியால் தன்னைக் குத்திக்கொள்வாள் என்று பயந்து சிறைக்காரர்கள் எதையும் உள்ளே விடவில்லை. அறைச் சுவரில் ஒட்டியிருந்த பழைய துணியிலிருந்து நூலை உருவி, கையால் நீவி, முழங்காலைப் பலகையாக வைத்துப் பின்னல் பின்னிக்கொண்டிருந்தாள். இதைச் சொன்னவர் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோன வேலைக்காரப் பெண், ரோசாலி லமோர்லியேர்.

அறைக்குள்ளேயே இரண்டு காவலர்கள். நடுவில் தாழ்வான ஒரு தட்டி.

அக்டோபர் 16 காலை. ரோசாலி கொண்டுபோன சூப்பில் சில கரண்டிதான் குடித்தாள். உதிரப்போக்கு இருந்ததால் சாவதற்கு முன் சுத்தமான ஷெமீஸ் மாற்றிக்கொள்ள நினைத்தாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே போய்க் குனிந்துகொண்டாள். ரோசாலி மறைத்து நின்றாள். காவலாள் தலையணை பக்கம் வந்து எட்டிப் பார்த்தான். "மானத்தை நினைத்து, ஐயா, யாரும் பார்க்காமல் துணி மாற்ற விடுங்கள்" என்று கேட்டாள். உன் ஒவ்வொரு அசைவையும் பார்க்க எனக்கு உத்தரவு என்று சொல்லிவிட்டான். தன்னால் முடிந்தவரை மறைத்துக்கொண்டு மாற்றினாள். கழற்றியதைச் சுருட்டி, சுவருக்கும் சுவர்த்துணிக்கும் நடுவில் இருந்த இடுக்கில் செருகிவிட்டாள்.

தையலகம்:

இதைப் படித்துவிட்டு மெஷினில் உட்கார முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். காலுறை பின்னுகிற ஊசியைக்கூடக் கொடுக்கவில்லையே.

நெல்லைச்சீமை:

ஏடு, அந்த ரோசாலியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள். நான் கேட்ட பெண்களில் ஒருத்தி மாதிரி இருக்கிறாள்.

பழைய ஏடு:

ஆமாம் அண்ணாச்சி, அப்படித்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர். பல வருஷம் கழித்து அவர் வாயால் சொன்னதை மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். ராணி கண்ணாடி வேண்டும் என்று கேட்டபோது தன்னுடையதையே கொடுத்திருக்கிறார். நதிக்கரைக் கடையில் வாங்கிய சின்னக் கண்ணாடி. சிவப்பு விளிம்பு, இரண்டு பக்கமும் சீனப் பொம்மைகள் வரைந்தது. கொடுக்கவே கூச்சமாக இருந்ததாம். ராணி அதைப் பெரிய பொருளாக நினைத்து, தினமும் அதைப் பார்த்துத்தான் தலைவாரினாள் என்றார். வயதான பிறகும் அதன் விலையை ரோசாலி மறக்கவில்லை. காகிதப் பணத்தில் 25 சூ.